ஞாயிறு காலை ஒன்பது மணி

அன்புள்ள அக்கா,

பெயர் போட வேண்டாம். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் இருக்கிறேன். 46 வயது. எங்கள் சபையில் பதினொரு வருடமாக ஞாயிறு பாடசாலை எடுக்கிறேன்.

2004 நத்தாருக்கு நாவலடியில் அம்மா வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிட்டோம். பின்னேரம் நானும் கணவரும் டவுனுக்குத் திரும்பிவிட்டோம். மறுநாள் 26, ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணியை அண்டிக் கடல் வந்தது. அம்மாவும் தம்பியும் போய்விட்டார்கள். தம்பியின் உடல் கிடைக்கவே இல்லை. அந்த நேரம் ஜெபம்தான் என்னைத் தாங்கியது. அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை.

அப்புறம் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அதுவும் ஒன்பது மணிதான். நான் வேறு சபை, ஆனால் அதே டவுன். எங்கள் பிள்ளைகளுக்குப் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது சத்தம் கேட்டது. சீயோன் தேவாலயத்தில் ஒருவன் முதுகுப் பையில் கொண்டுவந்த குண்டு வெடித்த சத்தம் அது. அங்கேயும் பிள்ளைகள் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

அன்றிலிருந்து நான் ஆராதனையில் கதவோரம்தான் இருப்பேன். யாராவது முதுகுப் பையோடு வந்தால் பிரசங்கம் காதில் ஏறாது. பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவேன். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் தொழில் படுத்துவிட்டது. கடன் ஏறியது, கணவர் கத்தாருக்குப் போனார். இப்போது மழை தொடங்கிவிட்டது, டிசம்பர் வரப்போகிறது, எனக்கு நித்திரை இல்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு முழித்துக்கொள்கிறேன். காலையில் எழும்பாமலே விட்டால் நல்லது என்றும் சில நாள் நினைவு வருகிறது.

சபையில் ஒரு பெரியவரிடம் கொஞ்சம் சொன்னேன். “விசுவாசக் குறைவு, இன்னும் உபவாசம் பண்ணுங்கள்” என்றார். கர்த்தர் கைவிடமாட்டார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிறேன். நான் வேஷம் போடுகிறேனா? நிலைத்து நிற்கிற நம்பிக்கை என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா?

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். “எழும்பாமலே விட்டால் நல்லது” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அந்த நினைவு எப்போதாவது “இப்படிச் செய்யலாம்” என்ற யோசனையாக மாறினால் அன்று இரவே 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். அப்படி மாறாவிட்டாலும், இந்தக் கிழமையே மட்டக்களப்பு போதனா ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். தனியாகப் போகாமல் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போங்கள். மூன்று மணிக்கு முழிப்பது, எண்ணிக்கொண்டே இருப்பது, முதுகுப் பையைக் கண்டால் உடம்பு விறைப்பது எல்லாம் அங்குள்ள வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள். உங்களிடம் ஏதோ விசித்திரம் இருப்பதாக யாரும் பார்க்கமாட்டார்கள்.

இரண்டு தடவை, இரண்டும் ஞாயிற்றுக்கிழமை, ஒரே மணிக்கு உங்கள் உலகம் உடைந்திருக்கிறது. மனம் மறந்தாலும் உடம்பு அந்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும். மழைக் குளிர், நத்தார் அலங்காரம், கடல் இரைச்சல் என்று ஏதாவது ஒன்று போதும், உடம்பு எச்சரிக்கை மணியை அடிக்கத் தொடங்கிவிடும். பெரிய இழப்பைக் கண்டவர்களுக்கு அந்தத் திகதி நெருங்கும்போது நித்திரை கெடுவதும் மனம் கனப்பதும் வழக்கம். நம் கரையில் எத்தனையோ வீடுகளில் நத்தார் இரவோடு சிரிப்பு நின்றுவிடுகிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆக, கதவோரம் இருப்பது உங்கள் விசுவாசத்தின் அளவு இல்லை. அது உங்கள் நரம்புகள் செய்யும் காவல்.

அந்தப் பெரியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது பிழையான ஆலோசனை. நித்திரை இல்லாத உடம்புக்கு உபவாசம் இப்போது வேண்டாம். எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட தீர்க்கதரிசி அவர். அவருக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்தார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். கடவுள் அவரோடு கதைத்தது அதற்குப் பிறகுதான்.

நீங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்: விசுவாசம், நம்பிக்கை, அன்பு. நம் தமிழ் வேதாகமம் முதல் இரண்டையும் வேறு வேறு சொல்லாக வைத்திருக்கிறது. பேச்சில்தான் நாங்கள் எல்லாவற்றையும் நம்பிக்கை என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு, அதற்குள் மனத் தைரியத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். பிறகு தைரியம் இல்லாத நாளில் நம்பிக்கையும் போய்விட்டது, விசுவாசமும் போய்விட்டது என்று பயப்படுகிறோம். பவுல் ரோமருக்கு எழுதும்போது, கண்ணால் காண்பதை எதிர்பார்ப்பது நம்பிக்கை ஆகாது, காணாததற்குப் பொறுமையோடு காத்திருப்பதுதான் என்கிறார். காத்திருப்பவருக்கு நெஞ்சு படபடக்கலாம், அழுகையும் வரலாம். நீங்கள் அழுதுகொண்டே பதினொரு வருடம் அந்த வகுப்புக்குப் போயிருக்கிறீர்களே தங்கச்சி. நான் அதைத்தான் நம்பிக்கை என்பேன்.

வேஷம் என்கிறீர்கள். 88ஆம் சங்கீதத்தை இன்று இரவு திறந்து வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும். இதில் அதுவும் வராது, இருளிலேயே முடிந்துவிடும். ஆனாலும் அதைக் கழித்துவிடாமல் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். தம்பியின் உடலைக்கூடத் தரவில்லையே என்று நீங்கள் கர்த்தரிடம் கேட்டால் அதுவும் ஜெபம்தான். இருபது வருடமாக அதைக் கேட்காமலே நன்றி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள்.

உயிர்த்த ஞாயிறைப் பற்றியும் சொல்ல வேண்டும், அந்த நாளே உங்களுக்குக் காயமாகிவிட்டதால். முதலாவது உயிர்த்த ஞாயிறு மாலையில் சீஷர்கள் பயந்துபோய்க் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளேதான் இருந்தார்கள். அவர் உள்ளே வந்து நின்று, உங்களுக்குச் சமாதானம் என்றார். ஏன் பூட்டினீர்கள் என்று கேட்கவில்லை. கைகளையும் விலாவையும் காட்டினார், காயங்கள் அப்படியே இருந்தன. எட்டு நாள் கழித்துத் தோமாவுக்காகத் திரும்பி வந்தபோதும் கதவு பூட்டியேதான் இருந்தது என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார். உயிர்த்தவரைக் கண்ணால் கண்டவர்களுக்கே ஒரு கிழமையில் கதவைத் திறந்துவைக்க முடியவில்லை. நீங்கள் கதவோரம் இருப்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

ஆனால் அங்கேயே இருந்துவிடவும் வேண்டாம். பயப்படும் இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் நீளும். ஒரு வார நாளில், ஆராதனை இல்லாத நேரம், ஒரு தோழியோடு கோயிலுக்குப் போங்கள். உங்கள் வழக்கமான கதவோரத்தில் இருங்கள். படபடப்பு வரும், வரட்டும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது எழும்பி ஓடாமல், அது கொஞ்சம் இறங்கும்வரை இருந்துவிட்டு வாருங்கள். அது பழகியதும் ஒரு வாங்கு முன்னால். ஞாயிறு ஆராதனையில் செய்வது அதற்குப் பிறகு. கடலோ சத்தமோ அப்போதுதான் நடப்பதுபோலத் திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு, வைத்தியரின் துணையோடு செய்யுங்கள். பிள்ளைகளை எண்ணும் வேலையை இன்னொரு ஆசிரியையோடு பங்குபோடுங்கள். வாசலில் ஒருவர் நிற்பது சபை செய்ய வேண்டிய ஏற்பாடு, உங்கள் ஒருத்தியின் தலையில் விழுந்த பொறுப்பு இல்லை.

கடனைப் பற்றி நீண்டு எழுத எனக்கு அறிவு இல்லை. யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கணவரோடு ஒன்றாகப் பாருங்கள். மூன்று மணி இருட்டில் கணக்குப் பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் எல்லாத் தொகையும் பெரிதாகத்தான் தெரியும்.

26ஆம் திகதிக்கு இப்போதே ஒரு ஒழுங்கு செய்யுங்கள். அன்று காலை தனியே வீட்டில் இருக்க வேண்டாம். போதகரிடம் கேட்டுப் பாருங்கள், கடலில் போனவர்களின் பெயர்களை வாசித்து ஒரு சின்ன ஜெபம் வைக்கலாம். டவுனிலும் கரையிலும் அதற்காகக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். நாவலடிக்குப் போக மனம் வந்தால் போங்கள், வராவிட்டால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். அம்மா நத்தாருக்குச் சமைத்ததில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சமைத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். தம்பியைப் பற்றி உங்கள் பிள்ளைகளிடம் கதையுங்கள், அவர் எப்படிச் சிரிப்பார், எதற்குச் சண்டை பிடிப்பார் என்று.

இன்று இரவு கணவர் கத்தாரிலிருந்து எடுக்கும்போது, இங்கே எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டாம். நீங்கள் எனக்கு எழுதியதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா