நிதிக்காக வெளியிட்ட ஆல்பம், சம்மதிக்காத டிரம்மர்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: எங்கள் ஊரில் பத்து ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்கள் எதையும் நாடாமல், தாங்களே எழுதி, தாங்களே ஒலிப்பதிவு செய்து, தாங்களே கச்சேரி நடத்திவரும் பங்க் இசைக்குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் 17 குழுக்களிடம் ஆளுக்கொரு பாடல் வாங்கி ஒரு தொகுப்பு ஆல்பம் வெளியிட்டோம். 300 வினைல் தட்டுகள், 100 கேசட்டுகள், இணையத்திலும் விற்பனை. ஆதரவற்ற பெண்களுக்கான ஒரு காப்பகத்துக்கு ‘வருமானம் முழுவதும்’ தரப்படும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறோம். எல்லாக் குழுக்களிடமும் வாய்வார்த்தையாகத்தான் சம்மதம் பெற்றோம். இப்போது, மூன்று ஆண்டுகளுக்கு முன் கலைந்துபோன ஒரு குழுவின் டிரம்மர், “என்னை யாரும் கேட்கவில்லை, பாடலை நீக்காவிட்டால் வழக்குத் தொடுப்பேன்” என்று எழுதியிருக்கிறார். எங்களுக்குப் பதிவைக் கொடுத்தவர் அந்தக் குழுவின் பாடகி. வேறொரு குழு, பழைய ராக் பாடல் ஒன்றை வரிகளை மாற்றிப் பாடியிருக்கிறது. யாரும் ஒரு காசுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் சட்டம் குறுக்கே வருமா? மறுபதிப்பு போடலாமா?

பதில்: வரும். பணம் எங்கே போகிறது என்று பதிப்புரிமைச் சட்டம் கேட்பதில்லை. படியெடுத்தீர்களா, விற்றீர்களா, உரியவர் சம்மதித்தாரா என்றுதான் கேட்கிறது. விற்ற பணம் காப்பகத்துக்குப் போனாலும் விற்பனை விற்பனைதான். இழப்பீட்டை நிர்ணயிக்கும்போது உங்கள் நல்ல நோக்கம் நீதிபதியின் கண்ணில் படலாம். ஆனால் உரிமை மீறலே நடக்கவில்லை என்று வாதிட அது உதவாது. இதைப் படித்துக் கலங்கிவிடாதீர்கள். உங்கள் சிக்கல்களில் பெரும்பாலானவை பேசியும் எழுதியும் தீர்க்கக்கூடியவை.

ஒவ்வொரு பாடலுக்குள்ளும் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் சேர்ந்த பாடல் ஒன்று. அதை வாசித்துப் பதிவுசெய்த ஒலிப்பதிவு இன்னொன்று. முன்னது எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரியது. பின்னது, பதிவை ஏற்பாடு செய்து பொறுப்பேற்றவருக்கு உரியது. உங்கள் குழுக்களைப் பொறுத்தவரை ஸ்டூடியோ வாடகையைப் பங்கிட்டுக் கொடுத்த அந்த நான்கைந்து பேர்தான் அவர்கள். இவை போக, வாசித்த ஒவ்வொருவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையும் 1996இல் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் கீழ் உருவான ஒப்பந்தமும் அதை உலக அளவில் நிலைநாட்டின. இவற்றில் எதையும் பதிவு அலுவலகத்தில் பதியத் தேவையில்லை. படைப்புகளின் பதிப்புரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி, படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ‘அந்தக் குழு எதையும் பதிவு செய்யவில்லையே’ என்ற வாதம் அதனால் எடுபடாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் காலணிப் பெட்டி நிறையக் கேசட்டுகளோடு என்னிடம் வந்தார். அவரும் இப்படி ஒரு தொகுப்புதான் போட்டிருந்தார். ஒரு கேசட்டின் முதுகில் வெள்ளை நாடா ஒட்டி, குழுவின் பெயரையும் ஒரு தேதியையும், அதன் கீழே ‘இதன்மேல் வேறு எதையும் பதிவு செய்யாதே’ என்பதையும் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார்கள். வாசித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்த நாடாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேரைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு இரண்டு மாதங்கள் ஆயின. பத்துப் பாட்டோடு கலைந்துபோகும் குழுக்களின் வரலாறு பல நேரங்களில் இப்படிப்பட்ட தொகுப்புகளில் மட்டும்தான் மிஞ்சுகிறது. 1982இல் டிஸ்கார்ட் என்ற அமெரிக்க இசை வெளியீட்டு நிறுவனம் வாஷிங்டன் நகரத்துக் குழுக்களைத் தொகுத்து வெளியிட்டதால்தான், முழு ஆல்பம் எதுவும் போடாமலே முடிந்துபோன சில குழுக்களை இன்றும் கேட்க முடிகிறது. உங்கள் ஆல்பமும் அந்த வகை வேலை. அது நிலைக்க வேண்டும் என்ற அக்கறையோடுதான் இவ்வளவு நுணுக்கம் பேசுகிறேன்.

இனி டிரம்மருக்கு வருவோம். டிரம்ஸ் வாசித்தார் என்பதாலேயே ஒருவர் பாடலாசிரியர் ஆகிவிட மாட்டார். பாடகி தனியாக எழுதி மெட்டமைத்திருந்தால், பாடலுக்கான உரிமை பாடகியுடையதுதான். ஆனால் பயிற்சி அறையில் நால்வரும் சேர்ந்து உருவாக்கிய பாடல் என்றால் நிலைமை வேறு. ஒலிப்பதிவுச் செலவில் அவரும் பங்கு கொடுத்திருந்தால் பதிவிலும் அவருக்குப் பங்கு உண்டு. நிகழ்த்துநர் உரிமை எப்படியும் இருக்கிறது.

கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மட்டும் அனுமதி தந்தால் போதுமா என்பதில் நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது. அமெரிக்காவில் ஒரு பங்குதாரர் தனியாகவே, பிறரையும் தடுக்காத சாதாரண உரிமம் தரலாம். கிடைத்த வருவாயில் மற்றவர்களுக்குக் கணக்குக் காட்டினால் போதும். பிரிட்டனில் எல்லோருடைய அனுமதியும் வேண்டும். சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. இந்தியாவிலும் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு கூட்டு உரிமையாளர் தனித்து உரிமம் தர முடியாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. பாடகி நல்ல எண்ணத்தில் தந்திருப்பார். இந்தியாவிலோ பிரிட்டனிலோ டிரம்மர் கூட்டு உரிமையாளர் என்று நிரூபணமானால், பாடகி தந்த அனுமதி அரை அனுமதிதான்.

‘இத்தனை நாள் பேசாமல் இருந்தவர் இப்போது கேட்கலாமா?’ என்று நீங்கள் நினைக்கக்கூடும். கேட்கலாம். 1967இல் உலகப் புகழ்பெற்ற ஒரு பிரிட்டிஷ் பாடலுக்கு ஆர்கன் வாசித்தவர், அதன் தொடக்க இசையை அமைத்தது நான்தான் என்று 2005இல், 38 ஆண்டுகள் கழித்து வழக்குத் தொடுத்தார். அன்று அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, இசையின் பதிப்புரிமையில் அவருக்கு 40 சதவீதப் பங்கு உண்டு என்று 2009இல் உறுதி செய்தது. பழைய ஆண்டுகளுக்கான பணம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதுவரை அவர் மறைமுகமாகச் சம்மதித்திருந்தார், உரிமை கோரிய நாளில் அந்தச் சம்மதம் முடிவுக்கு வந்தது என்று நீதிமன்றம் கண்டது. எழுதப்படாத இலவசச் சம்மதத்தின் ஆயுள் இவ்வளவுதான். கொடுத்தவர் திரும்பப் பெறும் நாளோடு அது முடிந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் அந்த நாள், டிரம்மரின் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாள். அதற்கு முன் விற்றவற்றை அறியாமல் செய்தது என்று சொல்ல இடமிருக்கிறது. அதற்குப் பின் விற்கும் ஒவ்வொரு பிரதியும் தெரிந்தே விற்றதாகிவிடும். ஆகவே இன்றே அந்த ஒரு பாடலை மட்டும் இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கையிருப்பில் உள்ள தட்டுகளையும் கேசட்டுகளையும் எண்ணி, எத்தனை விற்றன, எத்தனை மீதி என்று தேதியோடு எழுதிவையுங்கள். பேச்சு முடியும்வரை விற்க வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். சமூக ஊடகத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். பிறகு அவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். உங்களைக் கேட்காமல் விட்டது எங்கள் தவறு, பாடலை நிறுத்திவைத்திருக்கிறோம், விற்ற கணக்கு இதோ, நீங்கள் விரும்புவது என்ன என்று நாலு வரி போதும். என்னிடம் வந்த இத்தகைய தகராறுகளில் பணம் கேட்டவர்கள் குறைவு. தன் பெயர் அட்டையில் இல்லையே என்ற வருத்தமோ, பழைய நண்பர்கள் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்ற காயமோதான் அடியில் இருந்தது. பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்பது வெறும் மனக்குறையும் அல்ல. பல நாடுகளில் அது தார்மீக உரிமையாகவே சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது.

மற்ற 16 குழுக்கள் தந்த வாய்வழிச் சம்மதத்துக்கு மதிப்பே இல்லையா? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சாதாரண உரிமத்தை வாயால் தரலாம். அதை நிரூபிப்பதுதான் கடினம். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் இணையத்தில் வாங்கினாலே அந்த எல்லை தாண்டிவிடுகிறது.

வரி மாற்றிப் பாடிய பாடல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பிறர் பாடலை மீண்டும் பதிவு செய்ய சில நாடுகளில் கட்டாய உரிமம் என்ற வழி உண்டு. அமெரிக்காவில் முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, விதித்த ராயல்டியைக் கட்டினால் உரிமையாளர் தடுக்க முடியாது. ஆனால் பாடலின் மெட்டையோ அடிப்படைத் தன்மையையோ மாற்றக் கூடாது. வரிகளையே மாற்றியது அந்த வரம்புக்குள் அடங்காது. இந்தியாவில் பாடல் முதலில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், பாடலில் மாற்றம் செய்யக் கூடாது, அதோடு ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியைக் கட்ட வேண்டும். 400 பிரதிகள் போடும் உங்களுக்கு அந்தக் கதவு திறந்தும் பயனில்லை. பாடலின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பு நிறுவனத்திடம் நேரடியாக அனுமதி கேளுங்கள். காப்பகத்துக்கான நிதி என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், சலுகை கிடைக்கக்கூடும். பதில் வராவிட்டால் மறுபதிப்பில் அந்தக் குழுவின் சொந்தப் பாடல் ஒன்றைச் சேருங்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அட்டையில் உள்ள கச்சேரிப் படங்கள் எடுத்தவருக்கு உரியவை. அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பாடலின் தொடக்கத்தில் திரைப்பட வசனமோ செய்தித் துணுக்கோ ஒட்டியிருந்தால் வெட்டிவிடுவது நல்லது.

பணத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘வருமானம் முழுவதும்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வாங்கியவர் அதை அப்படியே நம்பித்தான் வாங்கினார். தட்டு அச்சிட்ட கூலியையும் தபால் செலவையும் அதிலிருந்து கழித்திருந்தால், நீங்கள் தந்தது வருமானம் அல்ல, செலவு போக மிஞ்சியது. நிதி திரட்டும் அறிவிப்புகளுக்குப் பல நாடுகளில் தனிச் சட்டமே உண்டு. ஏற்கெனவே விற்ற பிரதிகளுக்கு, கழித்த தொகையையும் சேர்த்துக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடுவதே நேர்மை. மறுபதிப்பில் ‘செலவு போக மிஞ்சும் தொகை’ என்று அச்சிடுங்கள். காப்பகத்தின் பெயரைப் பயன்படுத்த அவர்களிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள்; கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். பணம் யாருடைய சொந்தக் கணக்கிலும் தங்க வேண்டாம். தங்கினால் அது அவருடைய வருமானம் என்று வரித்துறை கேட்கும்போது பதில் சொல்வது கடினம். 1971 ஆகஸ்ட் 1 அன்று பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் கச்சேரி நடத்தினார்கள். அரங்க வசூல் உடனே யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் வரிவிலக்கை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாததால், ஆல்பத்தில் வந்த பெருந்தொகை அமெரிக்க வரித்துறையின் பிடியில் பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது. பசித்தவர்களுக்கென்று சேர்ந்த பணத்துக்கு அந்தக் கதி நேர்ந்தது.

மறுபதிப்பு போடலாம். ஆனால் அதற்கு முன் குழுவுக்கு ஒரு தாள் வேண்டும். சிலர் உங்களிடம் ‘எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள், பின்னால் தொல்லை இருக்காது’ என்பார்கள். அதைக் கேட்காதீர்கள். பாடல் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். நாளை அவர்கள் அதைச் சொந்த ஆல்பத்தில் வெளியிட உங்கள் அனுமதி கேட்டு நிற்கக் கூடாது. உங்களுக்குத் தேவை உரிமம் மட்டும். தாளில் இப்படி எழுதுங்கள்: “இன்ன பாடலையும் அதன் ஒலிப்பதிவையும் இந்தத் தொகுப்பில் மட்டும் தட்டாகவும் கேசட்டாகவும் இணையத்திலும் உலகெங்கும் 10 ஆண்டுகளுக்கு வெளியிட அனுமதிக்கிறோம். பாடலின் உரிமை எங்களிடமே இருக்கும். வேறு எங்கும் வெளியிட எங்களுக்குத் தடையில்லை. செலவு போக மிஞ்சும் தொகை இன்ன காப்பகத்துக்குச் சேரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்குக் கணக்கு அனுப்பப்படும்.” இதன் கீழே எழுதியவர், வாசித்தவர் அனைவரின் முழுப் பெயரும், அட்டையில் அச்சாக வேண்டிய பெயரும், கையெழுத்தும் வர வேண்டும். பங்க் மேடையில் வேறு பெயரில் அறியப்படுபவர்கள் உண்டு. இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

கையெழுத்துப் போடுபவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். சிறுவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று, ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1903இலேயே சொல்லிவிட்டது. இந்தியாவில் இன்றும் அதுதான் சட்டம். குழுவில் யாராவது ராயல்டி வசூலிக்கும் சங்கத்தில் உறுப்பினரா என்றும் கேளுங்கள். அப்படியென்றால் அவருடைய உரிமையில் ஒரு பகுதி ஏற்கெனவே சங்கத்திடம் இருக்கலாம். அவர் மனமுவந்து கொடுத்தாலும் சங்கத்திடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். தட்டு அச்சிடும் ஆலையும், இணையத் தளமும் ‘எல்லா உரிமையும் என்னிடம் இருக்கிறது’ என்ற உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்கும். அதில் பொறுப்பேற்பது காப்பகமோ குழுக்களோ அல்ல, நீங்கள்தான். 17 தாள்களும் கையில் வந்தபின் அதில் கையெழுத்திடுங்கள்.

டிரம்மரின் குழுவுக்கான தாளில் கையெழுத்துக்கு நான்கு கோடுகள் போடுங்கள். பாடகியையும் அழைத்துக்கொண்டு அவரிடம் நேரில் போங்கள். முதல் கோட்டில் அவர் பெயர் இருக்கட்டும். அவர் மறுத்தால் 16 பாடல்களோடு வெளியிடுங்கள்.