டோரு பள்ளத்தாக்கில் ஐந்து பேர்

வணக்கம்.

கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஐந்து பேர் செப்டம்பர் கடைசியில் போர்ச்சுகல் போகிறோம். இரண்டு நாட்கள் டோரு பள்ளத்தாக்கில் கார் எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நான்கு திராட்சைத் தோட்டம் என்று திட்டம். எங்களில் யாருக்கும் ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருத்தி குடிப்பதே இல்லை. அவளுக்கு இந்தப் பயணம் வீணா? எதுவும் தெரியாமல் போய் நின்றால் அசட்டுத்தனமாக இருக்காதா?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்தப் பட்டியலைப் பாதியாக்குங்கள். ஒரு தோட்டத்தில் ருசி பார்க்க ஐந்து வகை, வகைக்கு 40 மில்லி என்றால் 200 மில்லி. நான்கு தோட்டத்துக்கு 800. ஒரு முழு பாட்டிலே 750 மில்லிதான். அதிலும் டோருவில் சாராயம் சேர்த்த இனிப்பான போர்ட் ஒயின் நிறைய வரும். சாதாரண ஒயினில் ஆல்கஹால் 13, 14 சதவீதம். போர்ட்டில் 20ஐ ஒட்டி இருக்கும். நானும் முதல்முறை நான்கு இடம் போனேன். கடைசித் தோட்டம் எப்படி இருந்தது என்று இன்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

காரும் வேண்டாம். மலைச்சாலை முழுக்க வளைவு. ஓட்டுகிறவர் பாவம், எதையும் அனுபவிக்க முடியாது. போர்ட்டோ நகரத்திலிருந்து ரயில் இருக்கிறது. பாதி வழியில் தண்டவாளம் ஆற்றோடு சேர்ந்துகொள்ளும்; அப்புறம் ஜன்னலை விட்டு யாரும் நகரமாட்டீர்கள். பின்யாவ் நிலையத்தில் இறங்கினால் சுவரில் பதித்த நீல ஓடுகளில் அறுவடைக் காட்சிகள். நடக்கும் தூரத்திலேயே தோட்டங்கள் உண்டு. அங்கே அவற்றைக் கிண்டா என்பார்கள்.

போனதும் கிளாஸைக் கையில் எடுக்காதீர்கள். தோட்டத்துக்குள் நடக்க அனுமதி கேளுங்கள். கீழே மண் என்று சொல்ல அதிகம் இல்லை. தகடு தகடாகப் பிளக்கும் கல்தான். அந்தக் கல்லை உடைத்து, அதிலேயே சுவர் எழுப்பி, சரிவு முழுவதையும் படிக்கட்டாக்கியிருக்கிறார்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். செடி தன் வேரைக் கல்லிடுக்குகள் வழியாக ஆழத்துக்கு அனுப்பித்தான் தண்ணீர் தேடிக்கொள்கிறது.

நடக்கும்போது சில சரிவுகளில் புதர் மண்டிய பழைய படிகளைப் பார்ப்பீர்கள். அங்கே கண்டிப்பாக நில்லுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வட அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்ஸெரா என்ற பூச்சி, ஐரோப்பாவின் திராட்சை வேர்களைச் சாறு உறிஞ்சியே அழித்தது. அப்போது கைவிடப்பட்ட நிலங்கள் இவை. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியச் செடியை ஒட்டுக் கட்டித்தான் மீண்டார்கள். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடுகிறார்கள். இதைப் பார்த்த பிறகு கிளாஸை எடுத்தால் வாயில் வைப்பது வெறும் பானமாக இருக்காது.

சரி, தெரியாதவர்கள் என்ற தயக்கத்துக்கு வருகிறேன். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரான்ஸில் உள்ள போர்தோவில் ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். படிக்கிறவர்களின் மூக்கையே கண் இப்படி இழுத்துப்போகிறது என்றால், வழிகாட்டி "இதில் செர்ரி வாசனை வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நமக்கு வேறென்ன வரும்? ஆகவே அவரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு நிமிடம் கழித்துச் சொல்லுங்கள் என்று. ஐந்து பேரும் பேசாமல் ஆளுக்கொரு சொல் எழுதுங்கள். பிறகு படித்துப் பாருங்கள். மழை நனைத்த கல் என்று ஒருவர், பழைய அலமாரி என்று ஒருவர். நண்பர்களோடு போவதில் எனக்குப் பெரிய சந்தோஷமே இதுதான். தனியாகப் போனால் ஒரு மூக்குதான்.

நம்மிடம் ஒரு வசதியும் இருக்கிறது. திராட்சைத் தோலும் விதையும் தரும் டானின் நாக்கை இறுக்கிப் பிடிக்கும். அதைப் புரியவைக்கச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. நமக்குத் துவர்ப்பு என்ற ஒரே சொல் போதும்.

குடிக்காத தோழியைப் பற்றிக் கவலை வேண்டாம். நாம் ருசி என்று நினைப்பதில் பெரும்பகுதி மணம்தான். கிளாஸைச் சுழற்றி முகர்ந்தாலே அவருக்கு முக்கால்வாசி கிடைத்துவிடும். மாலையில் மற்ற நால்வரை விட அவர் மூக்குதான் தெளிவாக இருக்கும். நீங்களும் விழுங்க வேண்டியதில்லை. துப்புவதற்கு மேசையிலேயே பாத்திரம் வைத்திருப்பார்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நீங்கள் போகும் நேரம் அறுவடைக் காலம். சில தோட்டங்களில் இன்னும் லகார் என்ற கருங்கல் தொட்டியில் காலால்தான் மிதிக்கிறார்கள். போர்ட்டில் நொதித்தல் இரண்டு மூன்று நாளில் பாதியிலேயே நிறுத்தப்படும். திராட்சையிலிருந்து எடுத்த 77 சதவீதச் சாராயத்தை ஊற்றியதும், சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் செத்து, சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அந்தக் குறுகிய நேரத்துக்குள் தோலின் நிறம் முழுவதும் இறங்க வேண்டும். கால் பாதம் தோலைக் கசக்கும், ஆனால் விதையை உடைக்காது. அதனால் கசப்பு வராது. தோளில் கை போட்டு வரிசையாக, ஒரே தாளத்தில் மிதிக்க வேண்டும். அதன் பிறகுதான் பாட்டும் ஆட்டமும்.

வருகிறவர்களையும் இறங்க விடும் தோட்டங்கள் உண்டு. இப்போதே எழுதிக் கேட்டு இடம் பிடித்து வையுங்கள். அரைக்கால் சட்டை எடுத்துப் போங்கள். உங்கள் தோழியும் இறங்கலாம்.

அன்புடன்.