நீல மையில் எழுதியவர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். என் அப்பா சென்ற மாதம் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவர். உங்களுக்கும் பாடம் நடத்தியிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்வார். இளமையில் தமிழ் முரசு நாளிதழில் கதைகள் எழுதினார். நாங்கள் மூவரும் பிறந்த பிறகு எழுதுவது குறைந்துபோயிற்று. புத்தகம் ஒன்றுகூட வரவில்லை. துக்கம் கேட்க வந்த ஒருவர், "குடும்பம், குடும்பம் என்றே இருந்துவிட்டார். இல்லையென்றால் பெரிய எழுத்தாளராக வந்திருப்பார்" என்றார். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அவருடைய எழுத்தை நாங்கள்தான் தின்றுவிட்டோமா?

ஒரு மகள், தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

சாரின் மகள் எனக்குத் தங்கைதான். செய்தி தாமதமாகக் கிடைத்ததால் மண்டாய் தகனச்சாலைக்கு வந்து வழியனுப்ப முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் தவறாகச் சொல்லிவிட்டார்.

1979ஆம் ஆண்டு. நான் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மாணவன். ஒரு நாள் தாமதமாக எழுதிய கட்டுரையைக் கொடுக்க உங்கள் மூவறை வீட்டுக்கு வந்தேன். சார் பாயில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் எங்கள் நோட்டுகள், மடியில் தூங்கிக்கொண்டிருந்த நீங்கள். அவரிடம் இரண்டு பேனாக்கள் இருந்தன. சிவப்பு எங்களுக்கு, நீலம் அவருடைய கதைக்கு. யாரோ பாதியில் விட்ட பழைய நோட்டின் பின்பக்கங்களில்தான் கதை எழுதுவார்.

என் கட்டுரையில் 'அம்மா கண்ணீர் மல்க அழுதார்' என்று எழுதியிருந்தேன். சிவப்பில் அடித்துவிட்டு, "உன் அம்மா அழுது பார்த்திருக்கிறாயா?" என்றார். பார்த்திருக்கிறேன் என்றேன். "அப்போது அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது?" யோசித்துப் பார்த்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. "அதை எழுது."

எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். சில மாதங்களுக்குப் பிறகு முரசில் வந்த அவருடைய கதையில் ஒரு குழந்தை, அப்பாவின் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிப்போகிறது. அதைப் பிடுங்கினால் எழுந்துவிடுமே என்று அவர் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கை உங்களுடையது, தங்கையே. நீங்கள் மடியில் இல்லாதிருந்தால் அந்தக் கதையே இல்லை.

பிறகு அவர் எழுத்து குறைந்ததற்குக் காரணம் வேறு. 1982இல் எங்கள் பள்ளி மூடப்பட்டது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆனது. தமிழ் ஒரு பாடமாக நின்றது. சார் வேறு பள்ளிக்குப் போனார். அங்கே பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரி தமிழில் படிக்க எதுவும் இல்லை என்று அவரே எழுத ஆரம்பித்தார். கருத்தறிதல் பயிற்சிக்கு அரைப்பக்கக் கதைகள். ஸ்டென்சில் வெட்டிப் படியெடுத்துக் கொடுத்தார். கீழே பெயர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை பிள்ளைகள் அவற்றைப் படித்துவிட்டு ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதியிருப்பார்கள்!

நம் ஊரில் எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். 1999இல் மறைந்த நா. கோவிந்தசாமியும் ஆசிரியராக இருந்துகொண்டேதான் கதை எழுதினார், இணையத்தில் தமிழ் ஏற முன்னோடியாக உழைத்தார். வகுப்பறையும் வீடும் போக மிஞ்சிய இரவில்தான் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தில் பெரும்பகுதி எழுதப்பட்டது என்பேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல், அதுவரையிலான ஐம்பது ஆண்டுகளின் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்னாக்கம் செய்யப்பட்டன. மகத்தான பணி. ஆனால் நூலாக வராத சார் அதில் எப்படி இருப்பார்? எனவே அந்த நோட்டுகளைக் பழைய தாள் வாங்க வரும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். முரசில் வந்தவற்றை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் பழைய இதழ்களில் தேடி எடுக்கலாம். ஆண்டும் மாதமும் ஓரளவு தெரிந்தால் போதும், நான் உட்கார்ந்து தேடுகிறேன். சிறிய புத்தகமாகப் போடுவோம். இங்கே பதிப்பிக்கும் எந்த நூலுக்கும் இரண்டு படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் சாரின் பெயர் இருக்கும். அந்த அரைப்பக்கக் கதைகளையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை மாலை வருகிறேன். நோட்டுகளை மேசைமீது எடுத்து வையுங்கள். நீல மையில் அவர் எழுத்து பொடியாக, நெருக்கமாக இருக்கும். எனக்குப் படிக்க வரும்.