முதலில் குதித்தவன்

கேள்வி: டிராய் போர் வீரர்களைப் பற்றி எழுதியபோது புரோட்டெசிலாஸ் என்பவனையும் சேர்த்திருந்தீர்கள். கப்பலிலிருந்து குதித்த உடனே செத்துப்போனவன் எப்படி வீரன்? அக்கிலீஸ், ஹெக்டர் இருக்கும் வரிசையில் அவனுக்கு என்ன இடம்?

பதில்: முதல் இடம். அந்தக் கரையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டிராய்மேல் படையெடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கப்பல்கள் வந்து நிற்கின்றன, டிராய் மண்ணில் முதலில் கால் வைப்பவன்தான் முதலில் சாவான் என்ற பேச்சும் கூடவே வந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் அக்கிலீஸும் அங்கேதான் இருந்தான். 'நீ முதலில் இறங்கிவிடாதே' என்று அவனுடைய தாய் தெடிஸ் சொல்லியிருந்தாள், அவனும் இறங்கவில்லை. கிரேக்கத்தின் தெசலி பகுதியிலிருந்து 40 கப்பல்களோடு வந்த புரோட்டெசிலாஸ் குதித்தான். குதித்த பிறகு பலரை வெட்டிவிட்டுத்தான் விழுந்தான் என்றும் ஒரு கதை உண்டு, ஆனால் ஒருவரையும் கொல்லாமல் விழுந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன்.

டிராய் போரைப் பாடும் இலியட் காவியத்தில் ஹோமர் அவனுக்குக் கொடுப்பது சில வரிகள்தான். ஊரில் மனைவி கன்னத்தைக் கீறிக்கொண்டு அழுகிறாள், கட்டி முடிக்காத வீடு பாதியில் நிற்கிறது, படையைத் தம்பி பொடார்கிஸ் நடத்துகிறான். அந்தப் பாதி வீட்டை என்னால் மறக்கவே முடியவில்லை. அப்புறம் டிராய் இளவரசன் ஹெக்டர் பாய்ந்து வந்து பிடித்துக்கொள்வதும், தீப்பற்றி எரிவதும் இவனுடைய கப்பல்தான். அந்த நெருப்பைப் பார்த்துத்தான் அக்கிலீஸ் தன் நண்பன் பட்ரோக்ளஸை அவசரப்படுத்திப் போருக்கு அனுப்புகிறான்.

சரி, கிரேக்கர்களே அவனை எப்படிப் பார்த்தார்கள்? இன்று துருக்கியில் கலிப்போலி என்று சொல்கிறோமே, அந்தத் தீபகற்பத்தின் முனையில் எலேயஸ் என்ற ஊரில் அவனுக்குச் சமாதியும் கோயிலும் இருந்தன. அர்தாயிக்டிஸ் என்ற பாரசீக ஆளுநர் அந்தக் கோயில் செல்வத்தை அள்ளிக்கொண்டு போய், கோயில் நிலத்தில் பயிரும் வைத்தான். கி.மு. 479-இல் பாரசீகர்கள் தோற்ற பிறகு அவன் ஏதென்ஸ்காரர்களிடம் மாட்டினான். காவல்காரன் ஒருவன் நெருப்பில் சுட்டுக்கொண்டிருந்த கருவாடு, அப்போதுதான் பிடித்த மீன் மாதிரி துள்ளியது, அதைப் பார்த்த அர்தாயிக்டிஸ், 'இது எனக்கான சேதி, செத்துக் கருவாடாகக் காய்ந்தாலும் தனக்குத் தீங்கு செய்தவனைத் தண்டிக்கும் சக்தி தனக்கு உண்டு என்று புரோட்டெசிலாஸ் சொல்கிறான்' என்றானாம். ஹெரோடோட்டஸ் தன் பெரிய வரலாற்று நூலை முடிக்கும் இடத்தில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கி.மு. 334-இல் ஆசியாவுக்குக் கடல் தாண்டப் புறப்பட்ட அலெக்சாந்தரும், தாண்டுவதற்கு முன் எலேயஸுக்குப் போனான். தான் கரையிறங்குவது இவன் இறங்கியதைவிட நல்லபடியாக அமையட்டும் என்று சமாதியில் பலி கொடுத்தான். எதிர்க்கரையை அடைந்ததும், கவசத்தோடு முதல் ஆளாக அவனே இறங்கினான் என்பார்கள்.