‘ஃபிராங்க்’ படத்தில் நான் கிளாராவின் கட்சி

கேள்வி: ‘ஃபிராங்க்’ (2014) படம் பார்த்தேன். என் அறைத்தோழர் நன்றாக ஓவியம் வரைவார், ஆனால் மனநிலை அடிக்கடி தடுமாறுகிறது. சிகிச்சைக்குப் போனால் திறமை போய்விடும் என்கிறார். அந்தப் படம் சொல்வதும் அதுதானே?

பதில்:

இல்லை. படம் சொல்வது நேர் எதிர். நீங்கள் கடைசி இருபது நிமிடத்தைப் போன் பார்த்துக்கொண்டே பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், பலரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

பொதுவாக நான் இங்கே ஆம்ப்ளிஃபயர், மிக்சர், ஸ்பீக்கர் பெட்டி பற்றித்தான் பதில் எழுதுவேன். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் மைக் செட் வைத்திருக்கிறேன். திருவிழா, கொடை, கல்யாணம், கானமேளா (மேடைப் பாட்டுக் கச்சேரி) எல்லாவற்றுக்கும் போவேன். சினிமா விமர்சனம் எழுதும் ஆள் இல்லை, மருத்துவரும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. முடிவையும் சொல்லப்போகிறேன், வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள். லென்னி ஆப்ரஹாம்சன் என்ற அயர்லாந்து இயக்குநர் எடுத்தது. 2014 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் முதலில் திரையிட்டார்கள். வாயில் நுழையாத பெயருடன் ஒரு இசைக்குழு. அதன் தலைவன் ஃபிராங்க், எங்கள் ஊர் ஊர்வலத்தில் முன்னால் ஆடிவரும் பெரிய தலைப் பொம்மை மாதிரி ஒரு தலையை மாட்டிக்கொண்டே வாழ்கிறவன், கழற்றவே மாட்டான். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் கிட்டத்தட்ட படம் முழுக்க முகத்தைக் காட்டாமல் நடித்திருக்கிறார். நம் ஊர் நாயகன் யாராவது ஒப்புக்கொள்வாரா, யோசித்துப் பாருங்கள்.

ஜான் என்று ஒரு பையன். அலுவலக வேலை, பாட்டு எழுத ஆசை, வரவில்லை. குழுவின் கீபோர்டுக்காரர் கடலில் இறங்கி உயிரை விடப் பார்த்த நாளில், சி, எஃப், ஜி சுரங்கள் வாசிப்பாயா என்று மட்டும் கேட்டு அவனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜானுக்கு ஃபிராங்க் மீது ஒரே பிரமிப்பு. ஆனால் அவனுடைய பிரமிப்பு பாட்டோடு நிற்கவில்லை. கொடுமையான குழந்தைப் பருவம், மனநோய், இதெல்லாம் எனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமைப்படும் அளவுக்குப் போகிறான். குழுவுக்குத் தெரியாமல் வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறான். பார்வைகள் ஏறுகின்றன, அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து இசை விழாவிலிருந்து அழைப்பு வருகிறது. கிளாரா என்ற பெண் மட்டும், வேண்டாம், இவனால் தாங்க முடியாது என்கிறாள். அவள் பேச்சு கரடுமுரடு, சிரிக்கவே மாட்டாள், ஒரு கட்டத்தில் ஜான் காலில் கத்தியால் குத்திவிடுகிறாள். பார்க்கிறவர்களுக்கு அவள்தான் வில்லி. கடைசியில் ஃபிராங்க் மேடையிலேயே சரிந்து விழுந்த பிறகுதான் அவள் ஏன் அப்படி இருந்தாள் என்று தெரிகிறது.

படத்தின் உயிர் முடிவில் இருக்கிறது. கான்சாஸில் பெற்றோர் வீட்டில், அந்தப் பொம்மைத் தலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் ஃபிராங்க். நோய்தான் அந்த இசையைக் கொடுத்தது என்ற நினைப்போடு ஜான் பேச, பெற்றோர் மறுக்கிறார்கள். அவனுக்கு இசை எப்போதுமே இருந்தது, நோய் அவனைத் தாமதப்படுத்தியதுதான் மிச்சம் என்கிறார்கள். அதைக் கேட்டதும் நான் படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். ஏனென்றால் அதையே என் நண்பனின் அம்மா, அவர்கள் வீட்டு அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். “அவனுக்குப் பாட்டு சின்ன வயசிலேயே உண்டு மக்களே. இந்தச் சூக்கேடு வந்த பொறவுதான் நின்னு போச்சு.”

அவன் கானமேளா குழுவில் கீபோர்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கோவில் ஆர்மோனியத்தில் கேட்ட பாட்டைக் கேட்டபடி வாசிப்பான். எங்கள் பக்கத்தில் திருவிழாக் காலம் வந்தால் தூக்கம் என்பதே கிடையாது. கச்சேரி தொடங்கவே ராத்திரி பத்து ஆகும், முடிய இரண்டு, மூன்று. அப்புறம் வண்டியில் சாமான் ஏற்றி அடுத்த ஊர். எனக்கு அது வெறும் உடம்பு வலி. அவனுக்கு அது விஷம். இது பிற்பாடு மருத்துவர் சொன்னது: இருமுனைக் கோளாறு (மனம் ஒரேயடியாக ஏறியும் ஒரேயடியாக இறங்கியும் போகிற நோய்) இருக்கிறவர்களுக்குத் தூக்கம் கெடுவது நோயின் அறிகுறி மட்டும் இல்லை, நோயைக் கிளப்பிவிடும் காரணமும் அதுவே.

ஒரு சீசனில் ஆள் மாறினான். நடுராத்திரி போன் செய்து மெட்டு பாடிக் காட்டுவான். நூறு செண்டைக்காரர்களை வைத்து ஒரு பெரிய கச்சேரி, முக்கடல் கூடும் இடத்தில் நடத்தப்போகிறேன் என்பான். இருக்கிற கீபோர்டு போதாதென்று தவணையில் இன்னொன்று. சாயாக்கடையில் நின்ற ஒரு பையனுக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். குழுவில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். “பயல் தீயா இருக்கான்” என்றார்கள். வாசிப்பு அந்த நேரத்தில் நன்றாக இருந்ததா என்று கேட்டால், வேகமாக இருந்தது. காதில் ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு சேனலையும் தனியாகக் கேட்கிற ஆள் நான். பாதி சுரம் தப்பு. கூட்டத்துக்கு அது தெரியாது.

எங்கள் குழுவுக்கும் ஒரு ஜான் வந்து சேர்ந்தான். புதுப் பாடகர். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், சாப்பிட்டாயா என்று கேட்கிற பையன்தான். அவன்தான் வீடியோ எடுத்தான். நண்பன் மேடையில் கண்ணை உருட்டிக்கொண்டு, சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு வாசிக்கிற துண்டுகள். தலைப்பில் ‘மெண்டல் மாஸ்’. கீழே கருத்துகளில் ஒருவர் ஜீனியஸ் என்கிறார், ஒருவர் லெஜண்ட் என்கிறார், நடுவில் ஒருவர் ‘ஊளம்பாறை பார்ட்டி’ என்று சிரிக்கிறார். (வெளியூர்க்காரர்களுக்கு: ஊளம்பாறை திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கிற இடம். எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956இல், ஆனால் இந்தக் கிண்டலை மட்டும் விடாமல் வைத்திருக்கிறோம்.) அப்புறம் விழாக் கமிட்டிகள் போன் செய்து, அந்தக் கீபோர்டு அண்ணன் வருவாரா என்று கேட்டே கச்சேரி பேச ஆரம்பித்தார்கள்.

ஒரு திருவிழாவின் ஒன்பதாம் நாள். ஐந்து நிமிடப் பாட்டை அவன் விடாமல் இழுத்துக்கொண்டே போனான். பாடுகிறவர்கள் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள், ரிதம் பேட் பையன் நிறுத்திவிட்டான், கூட்டம் விசில் அடிக்கிறது, அத்தனை கையிலும் போன். அவன் கீபோர்டை விட்டுவிட்டு, மேடை ஓரத்தில் அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் ஏறத் தொடங்கினான். அடுக்கியவன் நான். எவ்வளவு தாங்கும் என்று எனக்குத்தான் தெரியும். மேடை மைக்குகள், கீபோர்டு, மிக்சரில் எல்லா ஃபேடரையும் (சத்தம் கூட்டிக் குறைக்கிற தள்ளுகுமிழ்) கீழே இறக்கிவிட்டேன். சத்தம் சட்டென்று போனதும் அவன் குழம்பி நின்றான், இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். இறங்கியவன் நேராக வந்து தண்ணீர் பாட்டிலை என் முகத்தில் எறிந்தான். “எலேய், ஒனக்கு வயித்தெரிச்சல்ல” என்றான். கமிட்டிக்காரர்களும் அதையே சொன்னார்கள். வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் நான் ‘பாட்டை நிறுத்துனவன்’. அதே சூழ்நிலை நாளைக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன்.

வீடியோவை நீக்கச் சொன்னேன். பாடகர், அண்ணே, அவருக்கே பெருமைதானே என்றான். நான் கத்தி எடுக்கவில்லை. பைக் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன், நீக்கிய பிறகுதான் கொடுத்தேன். கிளாரா பார்த்திருந்தால் ‘இவ்வளவுதானா’ என்றிருப்பாள்.

மறுநாள் விடியற்காலையில் அவன் அம்மா கூப்பிட்டார்கள். “மக்களே, அவன் கண்ண மூடவே இல்ல. என்னெல்லாமோ பேசுகான். நீ ஒண்ணு வா.” ஜெபவீட்டுக்குக் கொண்டுபோகலாம், தாயத்து கட்டலாம் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஜெபம் பண்ணுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கட்டிப்போடுவது என்ற பேச்சு வந்ததும் எனக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வந்தது. 2001 ஆகஸ்டில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது, அதையும் சொன்னேன். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

லித்தியம் கொடுத்தார்கள். இந்த மருந்துக்கு அவ்வப்போது ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும், தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். ரத்தம் எடுப்பது, ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆனபின், காலை மாத்திரைக்கு முன். அதனால் நேரம் முக்கியம். இங்கேதான் எங்கள் மாவட்டத்தின் சாபக்கேட்டைச் சொல்லியாக வேண்டும்: டாரஸ் என்கிற கனரக லாரிகள். மலையை உடைத்து, கல்லும் எம்சாண்டுமாக ஏற்றி, எந்நேரமும் கேரளாவுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. பைக்கில் பின்னால் போனால் கண்ணில் மண். முந்தவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது; ஒதுங்கினால் குழி. தக்கலை தாண்டுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். குமரி மலையை எடுத்துக்கொண்டுபோய் எங்கோ துறைமுகமும் கட்டடமும் கட்டிக்கொள்கிறார்கள், எங்களுக்கு மிச்சம் தூசியும் விபத்தும். கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் எதிர்த்துப் பேசுவார்கள், லாரி மட்டும் நிற்காது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். அந்த ரோட்டில் ஒருநாள் வந்து பாருங்கள், சம்பந்தம் புரியும்.

சரி, திறமை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் பயப்படுவதில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலில் இவன் மந்தமாகத்தான் இருந்தான், உடம்பு போட்டது. கை லேசாக நடுங்கியது. லித்தியத்துக்கு அது சாதாரணம், ஆனால் கீபோர்டுக்காரனுக்கு அது சாதாரணமா? ‘மருந்து அவனைக் கொன்னுட்டு’ என்று குழுவில் பேசினார்கள். அவனும் நிறுத்தப்போகிறேன் என்றான். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வர வாய்ப்பு கூடும் என்பதால், நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டோம். நடுக்கத்தைச் சொன்னதும் அவர் அளவைக் குறைத்து, கூட ஒரு மாத்திரை கொடுத்தார். நடுக்கம் அடங்கியது. வெயிலில் வியர்க்க வியர்க்க வாசிக்காதே, தண்ணீர் குடி, உப்பைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்றார். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடுமாம். இதையெல்லாம் நாமாகக் கேட்டால்தான் தெரிகிறது. ஓவியர் என்றால் கை முக்கியம் என்று உங்கள் நண்பர் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லட்டும்.

ராத்திரிக் கச்சேரியை அவன் விட்டுவிட்டான். வருமானம் குறைந்தது உண்மை. பகலில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறான், ஞாயிறு காலைப் பூசைக்கு வாசிக்கிறான். சுரம் தப்புவதில்லை.

படத்தை அவனோடு உட்கார்ந்தும் ஒருமுறை பார்த்தேன். வருத்தப்படுவானோ என்று இருந்தது. சி, எஃப், ஜி வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். கிளாரா கையை அசைத்துத் தொடாமல் வாசிக்கிற தேரமினைப் பார்த்து “இது கொள்ளாம்லே” என்றான். கடைசியில் ஃபிராங்க் முகத்தைக் காட்டிக்கொண்டு மதுக்கடையில் பழைய கூட்டாளிகளோடு பாடுகிறானே, அந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் கேட்ட ஒரே கேள்வி: “அந்தத் தலைக்குள்ள வேர்க்காதா?”

மேதைகள் எல்லோரும் கிறுக்கர்கள்தானே என்று கருத்தில் எழுத வருகிறவர்களுக்கு: இந்தப் படத்தின் வேரே அப்படி இல்லை. பெரிய தலையோடு மேடை ஏறிய ஃபிராங்க் சைட்பாட்டம், கிறிஸ் சீவி என்ற இங்கிலாந்துக் கலைஞர் வேடிக்கைக்காகப் போட்ட வேடம். சீவி 2010இல் காலமானார். அவர் குழுவில் கீபோர்டு வாசித்த ஜான் ரான்சன்தான் பின்னால் பீட்டர் ஸ்ட்ரானோடு சேர்ந்து இந்தத் திரைக்கதையை எழுதினார். மனநோய்ப் பகுதிக்கு டேனியல் ஜான்ஸ்டன் போன்ற பாடகர்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஜான்ஸ்டன் மருத்துவமனைக்குள்ளும் வெளியிலுமாக அலைந்தவர். அந்த அலைச்சலைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், ஒருநாள் அவருடைய அப்பா அம்மா இடத்தில் இருந்து பார்க்கட்டும்.

உங்கள் அறைத்தோழரிடம் ஓவியத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, காசை வாரி இறைக்கிறாரா, முதலில் இதைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம். காசு கிடையாது, தமிழில் பேசலாம், நோயாளிதான் பேச வேண்டும் என்றும் இல்லை. அவர் வரைவதைப் படம்பிடித்து எங்கேயாவது போட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவர் உங்கள் மேல் கோபப்படுவார், பாட்டிலும் பறக்கலாம். கண்ணாடி போடுகிறவராக இருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் பேசுங்கள்.