அடுத்து வரும் கிராபிக்ஸ் கார்டுகள் எச்டிஎம்ஐயை விட்டுவிட்டு டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு முழுவதும் மாறிவிடலாமே? புதிய போர்ட் வரும்வரை கார்டு வாங்காமல் காத்திருப்பது சரியா?

எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் கணினியின் கிராபிக்ஸ் கார்டிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் இணைப்புத் தரநிலைகள். கேள்வி கேட்டவர் இரண்டு காரணங்களை முன்வைத்திருக்கிறார். டிஸ்ப்ளேபோர்ட் வேகமானது, அதற்கு உரிமத்தொகையும் கிடையாது. ஆகவே கார்டின் பின்புறத்தில் நான்கு போர்ட்டுகளும் அதுவாகவே இருக்கலாம் என்பது முதலாவது. எச்டிஎம்ஐ 2.2 தரநிலை வெளியாகிவிட்டதால், அது பொருத்தப்பட்ட கார்டு வரும்வரை வாங்குவதைத் தள்ளிவைக்கலாம் என்பது இரண்டாவது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஆனால் முதல் காரணத்துக்குள் ஒரு நியாயமான குறை இருக்கிறது. அது வேகத்தைப் பற்றியதன்று, தரநிலை யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பற்றியது.

இந்த விவாதத்தில் பெரும்பாலானவர்கள் பதிப்பு எண்களை ஒன்றோடொன்று மோதவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அதைவிட முதலில் ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 4கே திரையில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் 10 பிட் வீதம் ஒரு பிக்சலுக்கு 30 பிட் தேவை. திரை வினாடிக்கு 240 முறை (240 ஹெர்ட்ஸ்) புதுப்பிக்கப்படுமானால், மூன்றையும் பெருக்க வினாடிக்கு 59.7 கிகாபிட் வருகிறது. வரிகளுக்கும் சட்டகங்களுக்கும் நடுவில் விடப்படும் இடைவெளிகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 2016இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உண்மையில் சுமக்கக்கூடிய படத் தரவு வினாடிக்கு 25.92 கிகாபிட். 2017இல் வந்த எச்டிஎம்ஐ 2.1க்கு 48 கிகாபிட் என்று சொன்னாலும், குறியாக்கத்துக்குப் போவதைக் கழித்தால் ஏறத்தாழ 42 தான் மிஞ்சும். இன்று கார்டுகளில் கிடைப்பவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் 2.1இன் உச்ச வேகமான யுஎச்பிஆர் 20 மட்டுமே, 77.37 கிகாபிட் வரை சுமந்து, இந்தத் திரையின் தரவை எந்தச் சுருக்கமும் இல்லாமல் கொண்டுபோகிறது.

அப்படியானால் டிஸ்ப்ளேபோர்ட்டில் 1.4 பதிப்பு மட்டுமே கொண்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகளில் 4கே 240 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் எப்படி ஓடுகின்றன என்று கேட்கலாம். டிஎஸ்சி எனப்படும் சுருக்க முறைதான் அதைச் சாத்தியமாக்குகிறது. தரவை மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்து அனுப்பி, மானிட்டருக்குள் மீண்டும் விரிக்கும் முறை அது. படம் முழுவதையும் சேர்த்து வைத்துக்கொண்டு வேலை செய்யாமல் சில வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு சுருக்குவதால் தாமதம் பொருட்படுத்தத் தக்கதாக இருப்பதில்லை. கண்ணுக்கு வேறுபாடு தெரியாத அளவுக்குச் செய்வதே அதன் நோக்கம். நான் பல மாதங்கள் சுருக்கத்தோடும், பிறகு வேறொரு கார்டில் சுருக்கம் இல்லாமலும் ஒரே மானிட்டரில் வேலை செய்திருக்கிறேன். எழுத்துகளின் விளிம்பிலோ நிறச் சாய்வுகளிலோ எனக்கு எந்த வேறுபாடும் புலப்படவில்லை. ஆகவே சுருக்கத்தை ஒரு குறைபாடாகக் கருதி அதிலிருந்து தப்பிப்பதற்காகவே புதிய கார்டு வாங்குவது தேவையற்ற செலவு என்றே நினைக்கிறேன்.

ஆயினும் சுருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2023இல் சாம்சங் 57 அங்குல அகலத் திரை ஒன்றை வெளியிட்டது. 7680 × 2160 பிக்சல், 240 ஹெர்ட்ஸ். மேற்சொன்ன கணக்கை இதற்குப் போட்டால் வினாடிக்கு 119 கிகாபிட்டுக்கு மேல் வருகிறது. மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் கிட்டத்தட்ட 40. டிஸ்ப்ளேபோர்ட் 1.4இன் 25.92க்குள் அது அடங்கவே அடங்காது. விளைவு என்னவென்றால், அன்றைய மிக வேகமான கார்டாகிய ஆர்டிஎக்ஸ் 4090 அந்தத் திரையை அதன் முழு ரெசல்யூஷனில் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்ட முடியாமல் நின்றது. அதைவிட விலை குறைந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 7900 வரிசைக் கார்டுகள், டிஸ்ப்ளேபோர்ட் 2.1 இருந்த ஒரே காரணத்தால், 240 ஹெர்ட்ஸைத் தொட்டன. படத்தை உருவாக்கும் ஆற்றல் எவ்வளவு இருந்தாலும் அது வெளியே போகும் வாயில் குறுகலாக இருந்தால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் என்விடியா நேரடியாக யுஎச்பிஆர் 20 வேகத்துக்குத் தாவியது.

ஆனால் "டிஸ்ப்ளேபோர்ட் 2.1" என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரே பெயரின் கீழ் யுஎச்பிஆர் 10, 13.5, 20 என்று மூன்று வேகங்கள் இருக்கின்றன; கேபிளுக்குள் தரவு ஓடும் நான்கு பாதைகளும் சேர்ந்து முறையே 40, 54, 80 கிகாபிட். ஆர்எக்ஸ் 7900 வரிசையிலும் அடுத்து 2025 மார்ச்சில் வந்த ஆர்எக்ஸ் 9070 வரிசையிலும் இருப்பது 13.5. இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டில் ஒரு போர்ட்டுக்கு மட்டும் 13.5, மற்றவற்றுக்கு 10. எல்லாமே விதிப்படி 2.1 தான். எச்டிஎம்ஐ பக்கம் நிலைமை இன்னும் குழப்பமானது. எச்டிஎம்ஐ 2.0 என்ற பெயரே இனி இல்லை, புதிய கருவிகள் எல்லாம் 2.1 தான், ஆனால் 2.1இன் புதிய வசதிகள் எல்லாம் கட்டாயமற்றவை என்று எச்டிஎம்ஐயின் உரிம நிர்வாக அமைப்பு 2021 இறுதியில் விளக்கம் தந்தது. இதன்படி 18 கிகாபிட் மட்டுமே சுமக்கும் ஒரு மானிட்டர்கூட, எந்த விதியையும் மீறாமல், பெட்டியின் மேல் 2.1 என்று போட்டுக்கொள்ளலாம். வாங்குபவரை இந்த நிலைக்குத் தள்ளியது பெரும் தவறு என்பதே என் கருத்து. வேக எண்ணைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று இந்த விதிகளை எழுதியவர்கள் கட்டாயமாக்கியிருக்க வேண்டும்.

கேபிளிலும் இதே சிக்கல் உண்டு. 4கே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை எச்டிஎம்ஐ வழியாக இணைத்த முதல் வாரத்தில் என் திரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டு வினாடி கறுத்துப்போய் மீண்டது. டிரைவரை மாற்றினேன், கார்டைக் கழற்றிப் பூட்டினேன், இயங்குதளத்தையே மறுபடி நிறுவினேன். கடைசியில் குற்றவாளி கேபிள்தான் என்று தெரிந்தது. அதன் உறையில் 2.1 என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். சான்றுச் சீட்டு மட்டும் இல்லை. அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற சான்றும் அதைச் சரிபார்க்க கியூஆர் குறியீடும் கொண்ட ஒரு கேபிளைப் போட்ட அன்றோடு சிக்கல் தீர்ந்தது. எச்டிஎம்ஐ 2.2க்கு அல்ட்ரா 96 என்றும், டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு டிபி 40, டிபி 54, டிபி 80 என்றும் சான்றுப் பெயர்கள் இருக்கின்றன. கேபிளுக்கு இந்தப் பெயர்தான் முக்கியம், பதிப்பு எண் முக்கியமில்லை. 80 கிகாபிட் வேகத்தில் சாதாரணச் செம்புக் கேபிள் ஏறத்தாழ ஒரு மீட்டரிலேயே திணறத் தொடங்கிவிடுவதால்தான், உள்ளே மின்னணுச் சுற்று வைத்து மூன்று மீட்டர் வரை செல்லும் டிபி 80 எல்எல் வகைக் கேபிளை, டிஸ்ப்ளேபோர்ட் தரநிலையை வகுக்கும் அமைப்பாகிய வெசா 2025இல் அறிவித்தது. கணினியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருப்பவர்களுக்கு, கார்டைவிட இது பெரிய செய்தி.

இனி எச்டிஎம்ஐயைக் கைவிடலாமா என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். தொலைக்காட்சிகளில் டிஸ்ப்ளேபோர்ட் இருப்பது மிக அரிது. பெரிய ஓஎல்இடி தொலைக்காட்சியில் கணினியை இணைத்து விளையாடுபவர்களுக்கு எச்டிஎம்ஐயை விட்டால் எளிய வழி இல்லை. ஒலியைத் திருப்பி அனுப்பும் இஏஆர்சி வசதியும் அந்தக் குடும்பத்துக்கே உரியது. ஒரு கார்டில் மூன்று டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு எச்டிஎம்ஐயும் வைக்கும் வழக்கம் நிலைத்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட்டின் இரட்டை முறை வசதியால், தனியாக மின்சாரம் தேவைப்படாத எளிய மாற்றி ஒன்றைச் செருகி, குறைந்த வேகங்களுக்கு அதை எச்டிஎம்ஐயாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். எதிர்த்திசையில் அது நடக்காது. எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக சிப் வைத்த மாற்றி தேவை. எனவே டிஸ்ப்ளேபோர்ட் கூடுதலாக இருப்பதும் எச்டிஎம்ஐ ஒன்றாவது இருப்பதும் பொறியியல் நோக்கில் சரியான முடிவு. யுஎஸ்பி சி போர்ட்டைப் பொறுத்தவரை, 2018இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில் மெய்நிகர்த் தலைக்கவசங்களுக்காக ஒன்று வைத்து, அடுத்த தலைமுறையிலேயே எடுத்துவிட்டார்கள்.

வேகத்தில் இன்று இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு மிகக் குறைவு. 2002இல் பிறந்த எச்டிஎம்ஐ, அதற்கு முந்தைய திரை இணைப்பாகிய டிவிஐயின் அமைப்பையே சுவீகரித்துக்கொண்டது: மூன்று தரவுப் பாதைகள், இரு முனைகளையும் ஒரே தாளத்தில் வைக்கும் நேரத் துடிப்புக்கு ஒரு தனிப் பாதை. 2006இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட்டோ தரவைப் பொட்டலங்களாக நான்கு பாதைகளில் அனுப்பியது; நேரத் துடிப்பும் அவற்றுக்குள்ளேயே அடங்கியிருந்தது. எச்டிஎம்ஐ 2.1 வந்தபோது அந்தத் தனிப் பாதையும் தரவுப் பாதையாக மாற்றப்பட்டு, நான்கிலும் பொட்டலங்கள் ஓடத் தொடங்கின. பாதைக்கு 12 கிகாபிட் என்றிருந்ததை 2.2 இருமடங்காக்கி மொத்தம் 96க்குக் கொண்டுபோயிருக்கிறது. போட்டியாளர்கள் இருவரும் ஒரே வடிவமைப்புக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றே இதைப் பார்க்கிறேன். எண்ணளவில் எச்டிஎம்ஐ இப்போது ஒரு படி முன்னே நிற்பதால், டிஸ்ப்ளேபோர்ட்தான் எப்போதும் வேகமானது என்ற வாதமும் இனி எடுபடாது.

மிஞ்சியிருப்பது உரிமை பற்றிய கேள்வி. எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தருவதும் இதுதான். எச்டிஎம்ஐக்கு ஆண்டுக் கட்டணமும் கருவிக்கு இவ்வளவு என்ற தொகையும் கட்ட வேண்டும். கருவிக்கு இவ்வளவு என்று வெசா வசூலிப்பதில்லை, ஆயினும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கும் காப்புரிமைத் தொகுப்பு ஒன்று உண்டு என்பதால் அது முற்றிலும் இலவசம் என்று சொல்வதும் சரியாகாது. பணத்தைவிடப் பெரிய சிக்கல், எச்டிஎம்ஐ 2.1இன் தொழில்நுட்ப ஆவணம் பொதுவில் கிடைக்காமல் பூட்டி வைக்கப்பட்டதுதான். லினக்ஸ் இயங்குதளத்துக்கான தன் திறந்த மூல டிரைவரில் 4கே 120 ஹெர்ட்ஸ் போன்ற 2.1 வசதிகளைச் சேர்க்க ஏஎம்டி நெடுநாள் உழைத்து, அந்த நிரலை, தரநிலையை வகுக்கும் அமைப்பாகிய எச்டிஎம்ஐ ஃபோரத்தின் ஒப்புதலுக்கு அனுப்பியது. நிரல் வெளிப்படையாக இருந்தால் ஆவணத்தின் உள்ளடக்கமும் வெளிப்பட்டுவிடும் என்ற நிலையில், ஃபோரம் அதை ஏற்கவில்லை என்பது 2024 பிப்ரவரியில் தெரியவந்தது. வன்பொருளில் இருந்த வசதி, காசு கொடுத்து வாங்கியவருக்கே எட்டாமல் போனது. இன்டெல்லின் ஆர்க் ஏ வரிசையில், டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞையை எச்டிஎம்ஐ 2.1ஆக மாற்றும் தனிச் சிப் ஒன்றைக் கார்டிலேயே வைத்துச் சில மாதிரிகளை வெளியிட்டார்கள். அங்கே டிரைவருக்கு டிஸ்ப்ளேபோர்ட் தெரிந்தால் போதும். என்விடியா கார்டுகளில் அந்த வேலையை மூடிய நிலைநிரல் (ஃபர்ம்வேர்) பார்த்துக்கொள்கிறது. திறந்த முறையில் நேர்மையாக உழைத்தவர்களுக்குத்தான் கதவு சாத்தப்பட்டது. லினக்ஸில் நாள் முழுவதும் வேலை செய்பவன் என்ற முறையில், எச்டிஎம்ஐயை ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அந்த ஆவணத்தைத் திறக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

காத்திருப்பதா என்ற இரண்டாவது கேள்விக்கு அவரவர் மானிட்டர்தான் விடை சொல்லும். 2560 × 1440 திரை, 165 ஹெர்ட்ஸ், பிக்சலுக்கு 30 பிட் என்றால் 18 கிகாபிட்டுக்குச் சற்று மேல் வரும். பத்தாண்டு பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இதைச் சுருக்கமே இல்லாமல் சுமக்கும். 4கே 144 ஹெர்ட்ஸ் வரை எச்டிஎம்ஐ 2.1இன் முழு வேகமும் போதும். 4கே 240ஐச் சுருக்கமின்றித்தான் ஓட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு யுஎச்பிஆர் 20 கார்டுகள் ஏற்கெனவே கிடைக்கின்றன. ஆனால் மானிட்டரிலும் அதே வேகம் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. எச்டிஎம்ஐ 2.2 தரநிலை 2025 ஜூனில்தான் வெளியானது. கார்டில் அது வந்தாலும், எதிர்முனையில் அதை வாங்கிக்கொள்ளும் திரை வீட்டில் இல்லாதவரை அந்த 96 கிகாபிட்டில் ஒன்றும் நடக்காது. கேள்வி கேட்டவர் தம்மிடம் 1440 வரித் திரையே இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அவருக்கு நான் சொல்வது: போர்ட்டை நினைத்து ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நினைவகத்தின் அளவையும், விளையாட்டுகளில் கார்டு தரும் வேகத்தையும் பார்த்து இப்போதே வாங்கலாம். பழைய கேபிளையே பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும், அதில் சான்றுப் பெயர் இருக்கிறதா என்று மேசைக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.