பின்னணியை நீக்கியும் வெள்ளைக் கட்டம் போகவில்லையே?

கேள்வி: வீட்டிலேயே சில்க் த்ரெட் வளையல், ஜிமிக்கி செய்து விற்கிறேன். கிம்ப் மென்பொருளில் படத்தின் பின்னணியை அழிக்கிறேன். திரையில் நன்றாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பி கலர் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தால் வளையலைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வருகிறது. "போட்டோஷாப்பில் செய்தால்தான் சரிவரும், படத்துக்கு 50 ரூபாய்" என்கிறார் டி.டி.பி. கடைக்காரர். 60 படங்கள் இருக்கின்றன. கொடுத்துவிடலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: கொடுக்காதீர்கள். 3,000 ரூபாய்க்கு எவ்வளவு பட்டு நூல் வாங்கலாம்! கிம்ப் இலவசம் என்பதால் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். உங்கள் வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

அழித்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கக் கட்டம் தெரிகிறதா, வெறும் வெள்ளையா? வெள்ளை என்றால், படத்தில் வெறுமையைக் குறிக்கும் ஆல்ஃபா சேனலே இல்லை. லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதில் ஆட் ஆல்ஃபா சேனல் கொடுத்துவிட்டு அழியுங்கள். சதுரங்கம் தெரிந்தால் நீங்கள் அழித்தது சரி. சேமிக்கும்போதோ அனுப்பும்போதோ கெட்டிருக்கிறது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏதாவது ஒரு நிறம் இருந்தே ஆக வேண்டும். காலி இடம் என்று ஒன்று அதற்குத் தெரியாது, நிறத்தைப் போட்டு நிரப்பிவிடும். பிஎன்ஜி என்ற இன்னொரு வகைக் கோப்புக்குத் தெரியும். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து, பெயரின் கடைசியில் .png என்று முடியுங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் அதைப் போட்டோவாக அனுப்பினால் மறுபடி ஜேபெக் ஆகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேதான்.

கடைக்காரர் சொல்லும் போட்டோஷாப் விஷயத்துக்கு வருவோம். அதில் 'ரிமூவ் பேக்ரவுண்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பல கடைகளில் அதை ஒரு தட்டு தட்டிவிட்டு 'கையால் கட் பண்ணினது' என்று காசு வாங்குகிறார்கள். அவர்கள் தரும் படத்தில் ஜிமிக்கியின் அடியில் தொங்கும் வெள்ளை முத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை விரிப்பில் எடுத்த படமென்றால் இரண்டு மூன்று முத்து பாதி கரைந்திருக்கும். கேட்டால் "போட்டோ கிளியரா இல்லம்மா" என்பார்கள். அதோடு லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய படத் தாள்கள்) பிரிந்த மூலக்கோப்பைத் தர மாட்டார்கள். அடுத்த தீபாவளிக்கு நிறம் மாற்ற வேண்டுமென்றால் மறுபடி 50 ரூபாய். எங்காவது வேலை கொடுத்தே தீர வேண்டுமென்றால் மூலக்கோப்பும் சேர்த்துத்தான் விலை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இலவசம் என்று அழைக்கும் இணையதளங்களிலும் கவனம். பலவற்றில் இலவசமாகக் கிடைப்பது சின்னப் படம். பெரிதாக வேண்டுமென்றால் சந்தா. நல்ல அச்சில் 4 அங்குல அகலத்துக்கு 1,200 பிக்சலாவது (படப் புள்ளி) வேண்டும். கூகுளில் 'பிஎன்ஜி' என்று தேடி எடுக்கும் பூ, பார்டர் படங்கள் பலவற்றில் அந்தச் சதுரங்கமே படத்தோடு ஒட்டி வரும். ஏமாறாதீர்கள்.

வளையலுக்கு ஒரு சங்கதி. மந்திரக்கோல் படம் போட்ட ஃபஸி செலக்ட் கருவி, தொட்ட இடத்தோடு ஒட்டியிருப்பதை மட்டும்தான் பிடிக்கும். வெளிப்புறம் போனாலும் வளையலின் உள்வட்டத்தில் மேசை விரிப்பு அப்படியே நிற்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு உள்வட்டத்தையும், ஜிமிக்கிக் கொக்கியின் சின்ன ஓட்டையையும் தொடுங்கள். செலக்ட் மெனுவில் க்ரோ 1 பிக்சல் கொடுத்தால் ஓரத்து வெளிறல் போகும். அதன்பின் டெலீட்டை அழுத்தாதீர்கள். அதே செலக்ட் மெனுவில் இன்வர்ட் கொடுத்து, செலக்‌ஷனிலிருந்து லேயர் மாஸ்க் (படத்தை அழிக்காமல் மறைக்கும் திரை) போடுங்கள். செலக்ட் மெனுவில் நன் கொடுத்துத் தேர்வை நீக்கிய பின், மாஸ்கில் கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். காணாமல் போன முத்தை அப்படித்தான் மீட்க வேண்டும். லேயர்களோடு சேமிக்கும் கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வளையலும் விற்கிறீர்களா? அதற்கு இதெல்லாம் ஒத்துவராது. கண்ணாடிக்குள் தெரிவதும் பின்னணிதானே! ஓரத்தை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் உள்ளே பழைய விரிப்பு தெரியும். வெள்ளைச் சார்ட்டின் மேல் வைத்துப் படமெடுங்கள். கலர்ஸ் மெனுவில் கலர் டு ஆல்ஃபா கொடுத்து வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால், வெள்ளை எவ்வளவு கலந்திருக்கிறதோ அவ்வளவு மட்டும் விலகும். சிவப்புக் கண்ணாடி கண்ணாடியாகவே நிற்கும். ஆனால் அதோடு பளபளப்பும் போய்விடும், அதுவும் வெள்ளைதானே. அதனால் முன்கூட்டியே லேயரை ஒரு நகலெடுத்து மேலே வைத்து, அதற்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, மினுக்கும் இடங்களை மட்டும் மெல்லிய வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள். பொறுமை வேண்டும். பொத்தானை அழுத்தி இதைச் செய்ய முடியாது. 50 ரூபாய்க்கு யாரும் உட்கார்ந்து செய்யவும் மாட்டார்கள்.

ஆன்லைன் கடைகளில் போடுவதென்றால் கதை வேறு. அமேசான் போன்றவை முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணிதான் கேட்கின்றன. அங்கே அடியில் வெள்ளை லேயர் வைத்து ஜேபெக்காகவே கொடுக்கலாம். சில தளங்கள் காரணமே சொல்லாமல் படத்தைத் திருப்பி அனுப்பும். எந்த மூலை சாம்பலாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? நாம்தான் மூலை மூலையாகப் பெரிதாக்கித் தேட வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு ஒரே ஒரு வளையலை பிஎன்ஜியாக்கி, டாக்குமென்ட்டாக அனுப்பி, ஒரு தாள் மட்டும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் கட்டம் வந்தால், உங்கள் பழைய ஜேபெக்கையே அவர் எடுத்துப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.